ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கல்

அந்த வண்டியை நான் தூக்கி நிறுத்தவில்லை. தூக்க வந்தவனையும் தடுத்தேன். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குவதைப் படகு விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாதியை விழுங்கினால் இதுவும் என் வழக்கமான புளுகுகளில் ஒன்றாகிவிடும்.

புளுகுதான் என் பிழைப்பு. தோணிரேவு என்ற ஊரில், ஏரிக்கரையில் படகு வைத்திருக்கிறேன். பரம்பரையாக வலை போட்ட குடும்பம். எனக்கு வலை பிடிக்கவில்லை. உங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டத் தொடங்கினேன். ஆம், உங்களைத்தான்! ஞாயிற்றுக்கிழமையானால் பளபளவென்று வண்டிகளில் வந்து இறங்குகிறீர்களே, பூநாரை பார்க்க, டச்சுக்காரன் கல்லறை பார்க்க... கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறீர்களே, நீங்கள்தான். "உள்ளே தங்கம் இருக்குமா?" என்று கேட்பீர்கள். இருந்தது என்பேன். கப்பல் தலைவனின் மகள், காதல், விஷம் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். வாயைப் பிளந்து கேட்பீர்கள். உங்களை நான் ஒரு நாளும் மதித்ததில்லை.

என் புளுகைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான். எல்லம்மா. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் குப்பத்திலிருந்து நாள்தோறும் படகில் வந்து, எங்கள் துறையில் இறால் விற்பாள். ஊரையே எழுப்பும் குரல். நான் உங்களுக்குக் கதை சொல்லும்போது கூடைக்குப் பின்னாலிருந்து கத்துவாள். "ஏய் அண்டப்புளுகா! போன வாரம் அவ தூக்கு மாட்டிக்கினா, இந்த வாரம் வெசம் குடிச்சிட்டாளா?" நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

எங்கள் கரை மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறு. வண்டியை நிறுத்தினால் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். பிறகு வண்டி சாயும். அதனால் அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்துத்தான் நிறுத்துவோம். எங்கள் ஊரில் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கோ எத்தனை முறை சொன்னாலும் ஏறாது! ஆகவே ஒரு வண்டி விழுந்து கிடந்தால் நாங்கள் யாரென்று விசாரிப்பதே இல்லை. வெளியூர்க்காரன். அவ்வளவுதான்.

முன்பு ஒருமுறை தூக்கி நிறுத்தினேன். உங்களில் ஒருவன் வந்தான். கண்ணாடியில் கீறல் இருந்தது. நான்தான் தள்ளினேன் என்று சட்டையைப் பிடித்தான். அன்றோடு முடிவு செய்தேன்... இனி இவர்கள் வண்டி ஏரிக்குள்ளேயே போனாலும் கை வைப்பதில்லை.

அன்று ஊரில் ஒரு கல்யாணம், பொன்னேரி மண்டபத்தில். ஊரும் ஊரின் வண்டிகளும் விடியற்காலையிலேயே போய்விட்டன. நான் போகவில்லை. படகு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்த ஒரு கும்பலுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் வரவில்லை, வரமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிடுவதற்காக வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கரையில் அந்த மோட்டார் சைக்கிள் விழுந்து கிடந்தது.

புது வண்டி. எங்கள் வண்டிகளில் உப்புத் துரு ஏறியிருக்கும், மீன் பெட்டி கட்டும் ரப்பர் தொங்கும். இதில் இரண்டும் இல்லை. ஸ்டாண்டுக்கு அடியில் கல்லும் இல்லை. டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஹெல்மெட், சேற்றில் குப்புற. எவனோ பறவை பார்க்கப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. வராமல் ஏமாற்றியவர்களின் வண்டியே விழுந்து கிடப்பது போல அப்படி ஒரு மகிழ்ச்சி!

ஐஸ் பெட்டி சுமக்கும் தணிகா அந்த வழியாக வந்தான்.

"இன்னாபா இது, யாரு வண்டி? பெட்ரோலு ஊத்துது பாரு. ஒரு கை புடி, நிமித்தி வெச்சிட்டுப் போலாம்."

"உனுக்கு வேற வேலையில்ல? எவனோ டூரிஸ்டு. கல்லு வெக்கத் தெரியாதவன் வந்து அவனே தூக்கட்டும்."

"பாவம்பா..."

"இன்னா பாவம்? கண்ணாடி ஒடஞ்சிருந்தா உன் சட்டையத்தான் புடிப்பான். போ, கல்யாணத்துல சாப்பாடு தீர்ந்துடப் போவுது."

தணிகா வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான். நான் படகு விளிம்பில் உட்கார்ந்து, அந்த முட்டாள் எப்போது வருவான், எப்படி விழிப்பான் என்று காத்திருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் போதும், தூக்கிவிடலாம். வைக்கவில்லை.

ஏரியில் ஒரு நாகரிகம் உண்டு எங்களுக்கு. கவிழ்ந்த படகைக் கண்டால் யாருடையது என்று கேட்கமாட்டோம். பகையாளி ஊர்க்காரன் படகானாலும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவோம்; முதலில் நிமிர்த்துவோம், பிறகுதான் பேச்சு. இதை உங்களிடம் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! என் கதைகளில் உண்மையானது அது ஒன்றுதான். அதைச் சொன்ன வாயோடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயத் தொடங்கியபோது அக்கரையிலிருந்து ஒரு படகு வந்தது. எழுந்து நின்று பார்த்தேன். ஒரு இளைஞன் துடுப்புக்காரனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ஒரு பெண் "அம்மா... அம்மா..." என்று அலறிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் எல்லம்மா கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை படகுக்கு வெளியே தொங்கி, தண்ணீரில் இழுபட்டு வந்தது.

அந்த இளைஞன் அவளுடைய மருமகன் சேகர். பொன்னேரிக்காரன், நான் அதுவரை பார்த்திராதவன். மாமியார் விழுந்துவிட்டாள் என்று தாய் வீட்டுக்கு வந்திருந்த பெண்டாட்டி போன் செய்ய, வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, கரையில் போட்டுவிட்டு, கிடைத்த படகில் ஏறி ஓடியிருக்கிறான். கல் தேட அவனுக்கு ஏது நேரம்?

வண்டியை நிமிர்த்தினான். உதைத்தான். மீண்டும் மீண்டும் உதைத்தான். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். "இருக்கற பெட்ரோலு ஆஸ்பத்திரி வரைக்கும் போதும்னுதானே வந்தேன்... ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க இங்கதான் இருந்தீங்களா? யாருமே பாக்கலியா?"

"இல்லப்பா... நான் இப்பத்தான் வந்தேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது, பார்த்தீர்களா? யோசிக்கக்கூட இல்லை. தொழில் பழக்கம்!

அதற்குப் பிறகு ஓடினேன். அதைச் சொல்லாமல் விடுவேனா? ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். பாட்டிலில் பெட்ரோல் விற்கும் கடை கல்யாணத்துக்காகப் பூட்டிக் கிடந்தது. அடுத்த ஊர் வரைக்கும் வெறுங்காலோடு ஓடி, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூச்சு முட்டியது. அந்த நேரமெல்லாம் எல்லம்மா சாய்வெயிலில், மண்ணில் கிடந்தாள். பெட்ரோலை ஊற்றி வண்டியைக் கிளப்பி, அவளை நடுவில் உட்கார வைத்து, மகள் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, அனுப்பி வைத்தோம்.

உயிர் பிழைத்தாள். வலது பக்கத்துக்கு அசைவு வரவில்லை. பேச்சும் வரவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்ணே" என்று சேகர் என்னிடமே வந்து சொன்னான். அவள் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க மட்டும் அன்னிக்கு ஓடலன்னா..." என்று அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எந்த வகை என்று எனக்கே தெரியாது. ஊரில் எனக்கு நல்ல பெயர். தணிகா மட்டும் நான் வாங்கித் தரும் டீயைக் குடிப்பதில்லை.

எல்லம்மாவின் மருமகன் வண்டி என்று தெரிந்திருந்தால் தூக்கியிருப்பேன். இதை மனத்துக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன், ஆறுதலுக்காக. அது ஆறுதலா? உங்களுடையது என்றால் கிடந்து நாறட்டும் என்றுதானே அதற்குப் பொருள்? உங்களை எவ்வளவு கேவலமாக நினைத்தேன்... கேவலமானவன் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது விழுந்த வண்டியையெல்லாம் தூக்கி நிறுத்துகிறேன். கல்லும் வைக்கிறேன். நன்றி என்கிறீர்கள். வேண்டாம். உங்கள் மேல் அன்பு வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வண்டி சாய்ந்து கிடந்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எல்லம்மா மகளோடும் மருமகனோடும் எங்கள் ஊரிலேயே குடியிருக்கிறாள். சேகர் காலையில் அவளைத் துறைக்குக் கொண்டுவந்து விடுவான். மகள் இறால் விற்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு பெரிய வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. "ஆமா." சாப்பிட்டியா என்றால் ஆமா. மழை வருமா என்றால் ஆமா. காக்கையைப் பார்த்தும் ஆமா. நான் உங்களுக்குக் கதை அளக்கும்போது, புளுகா என்று கத்த வேண்டிய இடத்தில் "ஆமா, ஆமா" என்கிறாள். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை முழுதாக நம்புகிறீர்கள்!

எதைக் கேட்டாலும் ஆமா என்பாள் என்பதால்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்தேன். திருட்டு மன்னிப்பு எனக்கெதற்கு? அந்த அளவு மானம் மிச்சமிருந்தது. சென்ற மாதம் அதுவும் போயிற்று. மகள் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். நான் எல்லம்மாவின் எதிரில் குந்தி உட்கார்ந்தேன்.

"அக்கா... அன்னிக்கு வண்டி வுழுந்து கெடந்தத நான் பாத்தேன்க்கா. வேணும்னேதான் தூக்கல. தணிகாவயும் தூக்க வுடல. என்ன மன்னிச்சிடுவியா?"

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோணிய உதடு அசையவில்லை. பிறகு இடது கையால் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் சேகர் வந்துவிட்டான். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டுக்கு அடியில் கல்லை வைத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவளிடம் வந்து குனிந்தான்.

"போலாமாம்மா?"

"ஆமா" என்றாள்.