கறுப்பு மாத்திரையும் என் வயிற்றெரிச்சலும்

அம்மனை நம்பும் சகோதரிகளே, என் வெட்கத்தைச் சொல்லாமல் அவள் கருணையைச் சொல்ல முடியாது.

இலங்கையில் எங்கள் மலையகத் தமிழரின் வோட்டுரிமையைப் பறித்த மறுவருஷம். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்திருந்தது. மலை ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்பேன். ஆண்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் எனக்குச் சோறு. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் பக்கத்து வீடு என் கொழுந்தன் மனைவி ராசாத்தியுடையது. அவளுக்கும் ஏழு மாதம். ஆனால் கன்னம் மினுமினுக்கும். கூடை நிறையத் தேயிலைக் கொழுந்தோடு சிரித்துக்கொண்டே இறங்குவாள். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

தோட்டத்து டொக்டர் எங்கள் இருவருக்கும் இரத்தம் ஊறக் கறுப்பு மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். ராசாத்தி காதில் போட்டுக்கொள்ளாமல் விழுங்கினாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். விழுங்கட்டும், இதிலாவது நான் ஜெயிப்பேன்! என் மாத்திரைகளைத் தேயிலைச் செடிக்குள் வீசினேன். வெள்ளிதோறும் விளக்கேற்றி, "தாயே, என் புள்ள அவ புள்ளைய விட செவப்பா பொறக்கணும்" என்று வேண்டினேன்.

ஒரு காலை, கொழுந்து பறிக்கும்போதே விழுந்துவிட்டேன். சாக்கைக் கம்பில் கட்டி, அதில் போட்டு டொக்டரிடம் தூக்கி வந்தார்கள். மாத்திரை சாப்பிட்டாளா என்று டொக்டர் கேட்டார். "தெனமும் சாப்புடுறாய்யா" என்றார் மாமியார். ராசாத்தி குறுக்கே பாய்ந்தாள்.

"இல்லைங்கய்யா! அக்கா தூக்கி வீசிருவாங்க. நான் பார்த்தேன். கேட்டா சண்டைக்கு வருவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

அந்த நிலையிலும் அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

டொக்டர் என் இமையை இழுத்துப் பார்த்தார். துளி சிவப்பு இல்லை. டிக்கோயா பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றினார்கள். வயிற்றில் அசைவே தெரியவில்லை. அப்போதுதான் அலறினேன். "மாரியாத்தா, நெறம் எதுவானாலும் சரி. உசுரோட குடு!"

பாதி வழியில் உள்ளே ஓர் உதை. கதறி அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு ராசாத்தி தினமும் எதிரில் நின்று மாத்திரையை விழுங்க வைத்தாள். மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். நல்ல கறுப்பு. அத்தனை மாத்திரை விழுங்கிய ராசாத்திக்கோ செக்கச்செவேலென்று ஒரு மகன்!

நான் வேண்டியதை அம்மன் தரவில்லை. கதறியதைத் தந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்தவளை வைத்தே காப்பாற்றினாள்.

ராசாத்தியைப் பார்த்தால் இன்றும் கொஞ்சம் வயிறு எரிகிறது. அதையும் அம்மனிடமே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதில் இருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சகோதரிகளே. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.