நல்லம்மாள் கயாக் ஏறினாள்

நல்லம்மாளுக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். சம்பளம் வாங்குவது அதற்குத்தான். ஆனால் தெரிந்தவர்கள் யாரிடம் அவள் பெயரைச் சொன்னாலும், "நம்ம சாம்பார் நல்லம்மாளா?" என்றுதான் கேட்பார்கள்.

பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் அவளுக்குப் பதினாலு வயது நடந்தபோது, திருவிழாவன்று பார்த்துச் சமையல்காரருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்க வேண்டும். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, இவள் பேசாமல் போய்க் கரண்டியைப் பிடித்தாள். அதை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீட்டுமனையாகி, சனமெல்லாம் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் பிரிந்து போன பிறகும், காதுகுத்து, சடங்கு, கருமாதி என்றால் அவளுக்குத்தான் முதல் போன் வரும். "அக்கா, நீங்க சும்மா வந்து நின்னா போதும்லா" என்பார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒரு வீட்டிலும் அவளைச் சும்மா நிற்க விட்டதில்லை. அவள் கணவர் இராமசாமி லாரி ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்ததைவிட வடையைப் பார்த்ததுதான் அதிகம் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சுற்றுலா போனாலும் இதே கதைதான். கேமரன் மலைக்குப் போய் அவள் பார்த்தது வாடகை வீட்டின் அடுப்படியை. போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்ததே அண்டா கழுவப் போன இடத்தில்தான். இதற்கெல்லாம் அவள் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் வருத்தம் இருந்தது, ரொம்பவே இருந்தது.

போன வருசம் சலவைப் பிரிவு சூப்பர்வைசர் புனிதா, போனில் ஒரு வீடியோ காட்டினாள். பெலும் மாநிலப் பூங்கா ஏரியில் நரைமுடிக்காரச் சீனத்தி ஒருத்தி கயாக் என்கிற ஒற்றை ஆள் படகில் உட்கார்ந்து, தானே துடுப்புப் போட்டு நடு ஏரிக்குப் போகிறாள். பக்கத்தில் யாருமே இல்லை. நல்லம்மாள் அதை நாலு தடவை போட்டுப் பார்த்தாள்.

"நாமளும் அங்க கேம்பிங் போலாமாக்கா? மூணு நாளு. சலவைப் பொம்பளைங்க மட்டும்."

"வாரேன். ஆனா சமைக்க மாட்டேன். எனக்கு இந்தப் படகுல ஏறணும், அவ்வளவுதான்."

புனிதா சிரித்தாள். நல்லம்மாள் சிரிக்கவில்லை. புனிதா உடனே கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

ஆக ஒன்பது பெண்கள் வேன் பிடித்து, குவாலா கங்சார், லெங்கோங், கிரிக் எல்லாம் தாண்டி, படகுத்துறையில் இறங்கி, அங்கிருந்து விசைப்படகில் ஒரு மணி நேரம் போய் முகாமில் இறங்கியபோது மத்தியானம் இரண்டு மணி. ஏரிக்கரை, பின்னால் காடு. கூடாரம் போட்டு முடித்துச் சாமான் பைகளைப் பிரித்தபோதுதான் வினையே தெரிந்தது. அரிசி இருந்தது, எட்டுப் பையில். புனிதா கொண்டுவந்திருந்தாள், தினேஸ்வரி கொண்டுவந்திருந்தாள், எல்லாரும் கொண்டுவந்திருந்தார்கள். உப்பு ஒருத்தியும் கொண்டுவரவில்லை. இத்தனை வருசமும் என்னென்ன வேண்டும் என்பது நல்லம்மாளின் மண்டைக்குள்தான் இருந்தது. அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. சமைக்காதவள் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை.

"கருவாடு இருக்குலா. அதுல உப்பு இருக்கும்" என்றாள் தினேஸ்வரி. இருபத்து நாலு வயது, வீட்டில் மெகி நூடுல்ஸ் மட்டும் வைக்கத் தெரிந்தவள். சீட்டுக் குலுக்கியதில் அன்றைக்கு ஆயாம் கறி, அதாவது கோழிக்கறி, அவள் தலையில் விழுந்திருந்தது.

நல்லம்மாளை மடக்கு நாற்காலியில், ஏரியைப் பார்க்க உட்கார வைத்தார்கள். ரேஞ்சர் ரோஸ்லான், பெரிய கூட்டம் ஒன்று கயாக்குகளை எடுத்துப் போயிருப்பதாகவும், ஐந்தரைக்கு ஒன்று திரும்பி வரும் என்றும், அதுதான் இன்றைக்குக் கடைசி என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக்கு வானம் எப்படியோ, மழை வந்தால் ஏரியில் விட மாட்டார்களாம். எனவே ஐந்தரைக்காகக் காத்திருந்தாள். ஆனால் கை சும்மா இருந்தால்தானே? எட்டுப் பேர் துண்டையும் மடித்து அடுக்கினாள். அதையே உதறி மறுபடி மடித்தாள். முதுகுக்குப் பின்னால் வெங்காயம் எண்ணெய் காயுமுன்பே விழுந்தது. சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து இருபதுக்கு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நல்லம்மாள் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள். கிளறக்கூடாது, அடியைத் தொடாமல் மேலே உள்ள கறியை வேறு சட்டிக்கு மாற்ற வேண்டும், ஐந்து நிமிச வேலை. தினேஸ்வரி அடியைச் சுரண்டிச் சுரண்டி, கருகினதையெல்லாம் கறியில் கலந்துகொண்டிருந்தாள். நல்லம்மாள் அடுப்பை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"மாச்சிக்," என்று கரையிலிருந்து ரோஸ்லான் கூப்பிட்டார். மஞ்சள் கயாக் ஒன்று கரையில் இடித்துக்கொண்டு நின்றது. "போலே?"

பெரியம்மா, முடியுமா என்று மலாயில் கேட்கிறார். அடுப்படியில் எட்டுப் பேரும் அவளையே பார்த்தார்கள். இப்போது போனால் கறி போச்சு. அடுப்புக்குப் போனாலோ என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? முதலில் கறி, அப்புறம் ரசம், அப்புறம் அண்டா கழுவுவது. மூன்று நாளும் அதோடு சரி.

"கருகினா கருகட்டும்க்கா," என்றாள் புனிதா. "நீங்க போங்க."

"போலே," என்று ரோஸ்லானுக்குப் பதில் சொன்னாள் நல்லம்மாள்.

மிதவைச் சட்டையை மாட்டி, துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, ரோஸ்லான் படகைத் தள்ளிவிட்டார். முதல் பத்து நிமிசம் கயாக் இருந்த இடத்திலேயே சுற்றியது. கரையில் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு முந்நூறு பேர் சாம்பாரைக் கிண்டிய அந்தத் தோள் வேலையைப் புரிந்துகொண்டது. இடது, வலது, இடது. தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நின்ற இடத்தைத் தாண்டி, விசிலும் கையுமாக ரோஸ்லான் பார்வைக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் போய்த் துடுப்பை மடியில் வைத்தாள். இரண்டு இருவாட்சிகள் தலைக்கு மேல் பெரிய சத்தத்தோடு பறந்து போயின. திரும்பிப் பார்த்தால் முகாமில் புகை. அது என்ன ஆனாலும் தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்தது. வாய்விட்டு, தனியாக, சத்தமாகச் சிரித்தாள்.

ஏழு மணிக்கு, தோள் கடுக்க, பாவாடை நனைய, கரை ஏறினாள். பாயில் எட்டுத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்பதாவது தட்டில் மட்டும் சோறு போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"நீங்க யாரும் சாப்பிடலையா?"

"நீங்க வரலையேக்கா. எப்படிச் சாப்பிடறது?" என்றாள் தினேஸ்வரி. அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. நல்லம்மாளுக்கு அப்படி இல்லை. சமைக்கிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். நாற்பத்து மூன்று வருசமாகப் பந்தி எல்லாம் முடிந்து, வழித்த சட்டியிலிருந்து நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவள் அவள். தனக்காக எட்டுப் பேர் பசியோடு உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கண் கலங்கிவிட்டது. மறைக்க முயலாமல் துண்டில் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கறியில் உப்பு இல்லை, கருகல் வாடை தூக்கலாக இருந்தது, சோறு குழைந்துபோயிருந்தது. கருவாட்டைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். எட்டு முகமும் அவள் வாயையே பார்த்தன.

"எப்படிக்கா இருக்கு?" என்று தினேஸ்வரி மெல்லக் கேட்டாள்.

நல்லம்மாள் யோசித்தாள். எங்கே தப்பு நடந்தது என்று நாலு இடம் சொல்லலாம். சொன்னால் நாளைக் காலையில் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கக் கேட்பார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"பிரமாதம்," என்று சொல்லித் தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடு. நாளைக்கும் நீயே சமை. மழை இல்லேன்னா ஏழு மணிக்கே படகு தாரேன்னு ரோஸ்லான் சொல்லியிருக்காரு."