மரத்தடிச் சைவர்

காந்திமதிநாத பிள்ளை கஞ்சி குடிக்க மடித்த பனையோலைப் பட்டையைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தை முகர்ந்துகொண்டிருந்தார். உள்பக்கத்தை ஏற்கெனவே முகர்ந்தாகிவிட்டது. கஞ்சிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற தாணம்மாள் கால் மாற்றி நின்றாள்.

"பச்ச ஓல மக்கா. இன்னைக்குக் காலத்த வெட்டினது. மீன் ஒண்ணும் உள்ள ஒளிஞ்சு கெடக்கல்ல" என்றாள்.

முகரும்போது பிள்ளை பேசுவதில்லை. ஒரு மூக்கை விரலால் அடைத்து, மறு மூக்கால் இழுத்து, இழுத்ததைக் கொஞ்சநேரம் உள்ளே நிறுத்திவைத்து யோசிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய யோகி என்று தோன்றும். யோசனை முடிந்ததும் பட்டையைத் தரையில் வைத்து இரண்டடி நகர்ந்துகொள்வார். தாணம்மாள் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அகப்பை பட்டையில் படக்கூடாது.

மற்றவர்கள் எல்லாரும் ஓட்டுக் கட்டடத்துக்கு உள்ளே வரிசையாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். பிள்ளை மட்டும் வெளியே, புளியமரத்தடியில்.

புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் தமிழ் முன்ஷி. இந்தப் பக்கத்தில் தமிழ் வாத்தியாருக்கு அதுதான் பெயர். சொந்த ஊர் திருநெல்வேலி. பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் பிரயாணம். ஆனால் நடுவே ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கை இருக்கிறது. அதைத் தாண்டினால் மகாராஜா ஆளுகிற வேறு ராஜ்யம். காசு வேறு, தபால் தலையில் தலைக்குப் பதிலாகச் சங்கு. சவுக்கையில் பெட்டியைத் திறந்த சேவகன் புகையிலை இருக்கிறதா என்று தேடினான். உள்ளே நல்லெண்ணெய் ஒரு தகரம், மோர்மிளகாய் ஒரு பானை, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, அவற்றுக்கு அடியில் இரண்டு வேட்டி.

"அந்நிய தேசத்துக்குப் போறோம் வே. முன்யோசனை வேண்டாமா?" என்றார் பிள்ளை.

அவர் மனைவிக்கு இன்னும் அதிகமான முன்யோசனை. மீன் தின்கிற ராஜ்யத்துக்கு வரமாட்டேன் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிள்ளையும் அதற்குமுன் மூன்று வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தார். மைத்துனர் குறைவில்லாமல் சோறு போட்டார். போட்ட சோற்றைப்பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் குறைவில்லாமல் சொல்லவும் செய்தார். அந்த இலைக்குத் திரும்புவதைவிட மீன் நாட்டில் கிடந்து சாகலாம் என்றுதான் பிள்ளை வந்தார்.

ஜாடி காலியாகும்வரை கௌரவமாக நடந்தது. பிறகு தானே பொங்கிப் பார்த்தார். சோறாகவும் வரவில்லை, கஞ்சியாகவும் வரவில்லை. வாடகை வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய பானையைத் திருப்பிக் கொடுக்கும் நிலைமையிலும் இல்லை. "நம்ம குடும்பத்துல ஆம்பிளை அடுப்படிக்குப் போற வழக்கம் கெடையாது" என்று ஒரு கொள்கையை அன்றைக்கே ஏற்படுத்திக்கொண்டார்.

அடுத்த வீட்டில் கணக்கு வாத்தியார் செல்வதாஸ் இருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தினமும் அழைத்தார். "மீன் புழங்குத வீட்டுல நமக்கு ஒத்துக்கிடாது, தப்பா நெனைக்கக் கூடாது" என்று பிள்ளை தினமும் சொன்னார். மீன் என்பது சொல்லுகிற காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. செல்வதாஸின் பாட்டனார் பனையேறியவர். மீனே இல்லாத வீடாக இருந்தாலும் பிள்ளை அந்த நடையில் ஏறியிருக்க மாட்டார். செல்வதாஸுக்கும் அது தெரியும். அவர் மனைவி ராகேலுக்குத் தெரியாது. அவள் மீன்தான் காரணம் என்று நம்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலிலிருந்து வந்ததும், புதுச் சட்டி வாங்கிப் புது அகப்பை போட்டு முருங்கைக்காய்க் கறி வைத்து, பிள்ளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"மீன் வாடை பட்டுதுன்னா எனக்க மூக்க அறுத்துப் போடும், முன்ஷி."

பிள்ளை சட்டியைப் பார்த்தார். பசி காதை அடைத்தது. கறியில் குறை எதுவும் தெரியவில்லை.

"தேங்காய் அரைச்சிருக்கா?" என்று கேட்டார்.

"தேங்காய் அரைக்காம கறி உண்டுமா?"

"அங்கதான் விசயமே இருக்கு. இங்க தென்னைக்குச் சாளை மீனை உரமாப் போடுதாங்க. நான் கண்ணால பாத்தேன். மீனை வேர் குடிக்கி, வேர் குடிச்சதைக் காய் குடிக்கி. அந்தத் தேங்காயைத் தின்னா என்ன அர்த்தம்?"

ராகேல் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த செல்வதாஸ், "அப்பக் கடல்காத்தும் அசைவந்தான் முன்ஷி. மூச்சு விடாண்டாம்" என்றார்.

"அதையும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் பிள்ளை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கடலிலிருந்து மேல்காற்று அடிக்கிற நாட்களில் அவர் இரண்டாம் தடவை குளிக்கத் தொடங்கினார்.

ஆற்றங்கரைக் கோயிலில் ஊட்டுப்புரை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை நடந்து போனார். மகாராஜா செலவில் பருப்பும் நெய்யுமாகச் சாப்பாடு. ஆற்றில் முழுகி, திருநீற்றைக் குழைத்துப் பூசி, ஈர வேட்டியோடு வாசலில் போய் நின்றார். காவல்காரன் நெற்றியைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தான். நூல் இல்லை.

"பிராமணர்க்கு மாத்திரம். அங்ஙோட்டு மாறி நில்லு."

பிள்ளை மாறி நின்றார். எவ்வளவு தூரம் மாறி நிற்க வேண்டும் என்பதையும் அவன் கையால் காட்டினான். திங்கட்கிழமை செல்வதாஸ் கேட்டபோது, "சாப்பாடு மோசமில்ல வே. பருப்புதான் கொஞ்சம் வேகலை" என்று சொன்னார்.

அந்த மாதமே ஒரு வெண்பாவுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தவர் மூன்றாம் அடியில் மேஜையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தலைமையாசிரியர் வீட்டுக்குக் கூப்பிட்டு, தேக சௌக்கியம் இல்லாதவர்களைப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்வது சிரமம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். பிள்ளைக்கு மைத்துனரின் குரல் காதில் கேட்கத் தொடங்கியது.

இந்த நிலைமையில்தான் அவர் கண்ணில் நாமம் பட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். மத்தியானம் மணி அடிக்கும். உள்ளே ராகமாகப் படிக்கிற சத்தம் கேட்கும். அது முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் பயறு போட்ட கஞ்சி, துவையல். வெளியே வருகிறவர்கள் நெற்றியில் வெள்ளையாக நெடுக்கு நாமம். அவர்களில் ஒருவனை நிறுத்தி, இங்கே மீன் உண்டா என்று பிள்ளை கேட்டார். அவன் காதைப் பொத்திக்கொண்டான். "நாராயணா" என்றும் சொன்னான்.

போதாதா? பெருமாள் கோயில்தான். நாமம் வடகலையாகவும் இல்லை, தென்கலையாகவும் இல்லை. மலையாளக் கலை ஒன்று இருக்கும்போலிருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டார். சிவனைக் கும்பிடுகிறவர் பெருமாள் கோயில் கஞ்சியைக் குடிப்பதா என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினார். மறுநாள், ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டுக்கொடுத்தார். ஆனால் உள்ளே கால் வைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். மரத்தடியில் உட்கார்ந்து வாங்கிக் குடித்தால் பரமசிவனுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். உள்ளே பெருமாளும் இல்லை, தாயாரும் இல்லை. ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. கும்பிடுகிறவன் அதில் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும். அது அய்யா என்ற குருவைப் பின்பற்றுகிற அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டிடம், நிழல்தாங்கல். கட்டியவர்கள், படிக்கிறவர்கள், கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் செல்வதாஸின் பாட்டனாரைப்போலப் பனையேறிப் பிழைத்த குடும்பங்கள்.

ஊருக்கே இது தெரியும். யாரும் பிள்ளையிடம் சொல்லவில்லை. முன்ஷி மூட்டையைக் கட்டினால் தமிழ் வகுப்பு செல்வதாஸ் தலையில் விழும். அதோடு, தினமும் கிடைக்கிற சந்தோஷத்தை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

"இன்னைக்குப் பெருமாளுக்கு என்ன நைவேத்தியம் முன்ஷி?" என்று செல்வதாஸ் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பார்.

"பயத்தங்கஞ்சி. சுத்தம்னா சுத்தம். பெருமாள் கோயிலானாலும் இப்பம் சிவ சிவான்னும் படிக்காங்க, கவனிச்சீரா? நாம போய் உக்காரத் தொடங்கின பெறகு ஒரு மாத்தம் தெரியுது."

துவையல் தேங்காய்த் துவையல்தான். வேர் வழியாக ஏறும்போது மண் மீனைச் சுத்தப்படுத்திவிடுகிறது என்று பிள்ளை தம் சித்தாந்தத்தைத் திருத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் கன்னம் மேடேறியது. வெண்பாவின் நாலாம் அடிவரை நிற்க முடிந்தது. தாணம்மாள் அவர் பட்டையில் மட்டும் அரை அகப்பை கூடுதலாக ஊற்றுவாள். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று அதை அவர் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு நாள், அவர் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. புளியமரம் சொட்டியது. தாணம்மாள் வாசலிலிருந்து கத்தினாள்.

"நனையாண்டாம், உள்ள கேறி வாரும்."

"நமக்கு இங்கயே போதும்."

அவள் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கே வந்துவிட்டாள். நாற்பது வயசு இருக்கும். எதையும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"ஓய், நானும் இத்தற மாசமாப் பாக்கேன். எதுக்கு இப்பிடிப் பேடிச்சு நடுங்கிச் சாவுதீரு? வெளிய இருந்து வாங்கித் தின்னு பழகின ஆளுகளுக்கு உள்ள வரக் காலு கூசும். எனக்குத் தெரியாதா? எங்களையுந்தான் வெரட்டினானுவ. எனக்க அப்பன் பனையேறி. உம்மமாதிரித்தான் நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டுப் போனாரு. திருநீறு பூசினா விட்டிருவானுவளா? கோயில் நடையில கல்லெடுத்து எறிஞ்சானுவ. இங்க அப்பிடிக் கெடையாது மக்கா. இது அய்யாவுக்க தாங்கல். எந்தக் கொறஞ்ச சாதியானாலும் எங்ககூட இரிக்கலாம். ஒமக்க ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வாரும்."

பிள்ளையின் வாயில் கஞ்சி இருந்தது.

துப்பியிருக்கலாம். அப்படித்தான் நினைத்தார். ஆனால் தொண்டை அவரைக் கேட்காமல் விழுங்கிவிட்டது. பட்டையை வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்தார். ஆறு மாதக் கஞ்சியைக் கழுவுவதற்குக் குளியலில் வழியில்லை என்பது பாதிக் குடத்தில் தெரிந்துவிட்டது. யார் கையால் குடித்தோம் என்பதைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம்; அறியாமல் செய்தது என்று ஒரு வழி இருக்கிறது. அவர்கள் தம்மைப் பார்த்து இரக்கப்பட்டார்கள், அதற்காகத்தான் அந்த அரை அகப்பை, என்பதைத்தான் எதைக்கொண்டும் சமாளிக்க முடியவில்லை.

மறுநாள் அவர் தாங்கலுக்குப் போகவில்லை.

"வைஷ்ணவக் கஞ்சி சைவ ஒடம்புக்குச் சேரலை வே. வாயு" என்று செல்வதாஸிடம் சொன்னார்.

"அப்ப நம்ம வீட்டுக்கு வாரும். ராகேல் தேங்காய் இல்லாம வைப்பா."

"பாக்கலாம்" என்றார் பிள்ளை.

மட்டிப்பழமும் தண்ணீருமாக நாலைந்து நாள் ஓடியது. வாழைக்கு என்ன உரம் போடுகிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டாம் அடிக்கே மேஜை தேவைப்பட்டது. தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே சிறிதுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிள்ளை வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலியில் மைத்துனர் வாசலில் நின்று, வாங்கோ மாப்பிளே, அங்க சோறு கெடைக்கலையாக்கும் என்று தெருவுக்கெல்லாம் கேட்கும்படி வரவேற்பது தெளிவாகத் தெரிந்தது. எழுந்து பெட்டியைப் பரணில் வைத்தார்.

அடுத்த நாள் மணி அடித்தபோது பிள்ளை புளியமரத்தடியில் நின்றார்.

தாணம்மாள் பானையோடு வந்தாள். "எங்க போயிட்டீரு? எவனாவது வெரட்டினானா?"

"ஒடம்புக்கு முடியலை."

"அன்னைக்குச் சொன்னதுல மனசுக்கு வெசனமா? கேக்கப்பிடாதுதான். இருந்தாலும் கேக்கேன். நீரு என்ன ஆளு மக்கா? சொன்னா கஞ்சி ஒண்ணும் கொறஞ்சிராது."

பிறந்ததிலிருந்து, யாரும் கேட்பதற்கு முன்பே பெயரோடு சேர்த்து அதைச் சொல்லிவந்த மனுஷர். இப்போது புளிய இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னால் அவள் பானையை வைத்துவிட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஊற்றத்தான் செய்வாள். ஆனால் அதற்குப் பிறகு அறியாமல் குடித்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தச் சமயத்தில் ரோட்டில் நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் இரண்டு பேர், திருநெல்வேலிக் கட்டு வேட்டி, நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு, வழி கேட்பதற்கு ஆள் தேடிக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"உள்ளே எடம் இருக்கா?" என்றார் பிள்ளை. முதுகு ரோட்டுக்குத் திரும்பியிருந்தது, குரல் இறங்கியிருந்தது.

தாணம்மாள் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "எடமா? நாலு பேரு நீங்கி இரிப்பாவ. தலையில துண்டைக் கெட்டிக்கிட்டுக் கேறும். ஆம்பிளைக தலப்பா கெட்டித்தான் உள்ள வரணும், அய்யா வச்ச மொற. இனி ஒருத்தனுக்கும் தல குனியாண்டாம்."

பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் சுற்றினார். திருநீற்றில் ஒரு கோடுகூட வெளியே தெரியாதபடி புருவம்வரைக்கும் இழுத்து இறக்கி, முடிச்சை இறுக்கினார்.