அருளப்பு மாற்றிவிட்டுப் போன செட்டிங்

அருளப்பு இறந்துவிட்டானாம். காலையில் துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து அவன் மகள் போன் பண்ணினாள்.

நல்ல மனுசன், எல்லோருக்கும் உதவினவன் என்று பேஸ்புக்கில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கு ஞாபகம் இருப்பதை நான் எழுதுகிறேன்.

நானும் அவனும் இங்கே நோர்வேயில் ஒரே ஹோட்டல் லோண்டரியில் வேலை செய்தோம். என் மெஷினில் சூட்டைக் கூட்டிவிட்டு, "அக்கா, சரியாக்கி விட்டிருக்கிறன்" என்பான். மேசைவிரிப்பெல்லாம் சுருங்கிக் கிடக்கும். ஏச்சு எனக்கு.

என் மனுசன் மாதாவுக்கு ஒரு பாட்டு மெட்டுப் போட்டார். பழைய கொம்பியூட்டரில், ஒவ்வொரு சுரமாகத் தட்டித் தட்டி... அவர் போனார், கொம்பியூட்டரும் போனது. டிஸ்க் மட்டும் மிச்சம்.

அருளப்பு வந்து என் லப்டொப்பில் பழைய கொம்பியூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் போட்டான். எமுலேட்டராம். எந்த புரொசெசர், எவ்வளவு வேகம், எவ்வளவு மெமரி, எந்த சவுண்ட் கார்ட்... எல்லாம் நாங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டுமாம்.

சொன்னான். பாட்டு ஐஸ்கிறீம் வானின் மணிப்பாட்டு மாதிரி வேகமாக ஓடியது.

"என்னடா, மாதாவுக்கு ட்ரெயின் போயிடும் எண்டே இந்த ஓட்டம்?"

"அண்ணை போட்ட மெட்டே இதுதான் அக்கா. உங்களுக்கு வயசு போட்டுது, அதுதான் வேகமாக் கேக்குது."

வயது போய்விட்டதாம்... எனக்கு.

அதற்குப் பிறகும் ஞாயிறு பூசை முடிய வருவான். என் கணவாய்க் கறியைச் சாப்பிடுவான். ஏதாவது ஒன்றை மாற்றுவான். ஒரு நாள் சரியாக வந்தது. மெதுவாக, அவர் பாடும்போது மூச்சு எடுக்கிற இடங்களில் நின்று நின்று. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இது காணும் அருளப்பு, இனி மாத்தாதை. கையை எடு."

"பொறுங்கோ அக்கா, சவுண்டை இன்னும் கொஞ்சம் கிளியர் ஆக்கிறன். அண்ணையின்ரை திவசப் பூசையிலை போடவேணுமெல்லே."

மாற்றினான். கையோடு பழையதற்கு மேலேயே சேவும் பண்ணினான். பாட்டு திரும்பவும் ட்ரெயின் பிடிக்க ஓடத் தொடங்கியது.

"முந்தி எதிலை வைச்சிருந்தனி?"

"அது... ரெண்டு மூண்டு இடத்திலை மாத்தினனான் அக்கா. ஞாபகம் இல்லை. வாற ஞாயிறு வந்து கண்டுபிடிச்சுத் தாறன்."

அன்று அவன் போட்டிருந்த சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்கிரீனில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியாது. கண்ணை மூடியிருந்தேனே... திறந்திருந்தால், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் மாதிரி மனதில் வைத்திருப்பேன்.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. மகளோடு இருக்கப் போய்விட்டான். போன் எடுத்தால், "வாறன் அக்கா, வாறன்."

திவசப் பூசை பாட்டில்லாமல் முடிந்தது. பேத்தி தனக்குத் தெரிந்ததெல்லாம் மாற்றிப் பார்த்தாள். அந்த மூச்சு வரவில்லை. இனி யாரைக் கேட்பது?

அடக்கத்துக்கு வருவேன், அருளப்பு. உன் மகளின் கையைப் பிடிப்பேன், அது வேறு.

நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீ முதலில் என் மனுசனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேள்.

பிறகு இளைப்பாறு.