கோட்டாற்றுக் கடையில் சுவரைப் பார்த்து நின்றவர்

பக்கவாதம் வந்தபின் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றில் பொத்தான்களை இணைத்து, அழுத்தினால் அவளுக்காகப் பேசும் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். ஒரு காலையில் அது இயங்கவே இல்லை. அம்மா பொத்தானை அழுத்தி அழுத்தி அழுதுவிட்டாள்.

போர்டைக் கழற்றிக்கொண்டு கோட்டாற்று எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே வேறு போர்டு இல்லை. போர்டைக் கரண்டில் செருகிக் காட்டி, "எங்க அம்மாவுக்காகப் பேசுத பெட்டியோட போர்டு இது. செத்துப்போச்சு" என்று நான் கடைக்காரரிடம் சொன்னதும், அங்கே காத்திருந்த ஒரு பெண் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கனத்த லேப்டாப் பை.

"செவப்பு வெளக்கு எரியுதுல்லா? அப்போ கரண்டு வருது. பச்சை மினுங்கலன்னா மெமரி கார்டைப் படிக்க முடியலன்னு அர்த்தம். செத்துப்போச்சுன்னு சொல்லாதிய."

என்னைப் புது மெமரி கார்டு வாங்கச் சொல்லி, தன் லேப்டாப்பிலிருந்து போர்டு இயங்க வேண்டியதை அதில் ஏற்றினார். கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்க்கா?"

"நான் பாத்தா வராது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

வரவில்லை. கார்டை இன்னும் அழுத்திச் செருகிவிட்டு மறுபடி திரும்பி நின்றார். பச்சை மினுங்கியது.

"வந்துட்டுக்கா!"

அவர் சிரித்தபடி பையை மாட்டிக்கொண்டார். "அம்மா மொதல்ல என்ன கேப்பாவ?"

"தெரியலையேக்கா."

வீட்டில் வைத்திருந்த குரல் பதிவுகளை ஏற்றிப் பெட்டியை அம்மா மடியில் வைத்தேன். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். "மீன்காரி வந்தாளா?" என்று கேட்டது பெட்டி. அம்மா வாசலைப் பார்த்தாள்.

அம்மா முதலில் கேட்டது இதுதான் என்று சொல்ல, அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.