பூமணியின் அறிவித்தலும் அனுமதி மறுப்பும்

அமானுஷ்யம் என்று சொல்லப்படுகின்ற எதனையும் நான் நம்பியவன் அல்லன். இதனை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறை. ஏனெனில் இனி நான் கூறப்போவதைக் கேட்டு நீங்கள் உதட்டோரம் சிரிப்பீர்கள் என்பதை அறிவேன், வேறொருவர் எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நானும் அவ்வாறே சிரித்திருப்பேன். இளமையில் நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாள்களில், வாரக்கணக்காகச் சூரியன் எழாத அந்தக் குளிர்கால இருட்டில், விடுதியில் இருந்தவர்கள் எதை எதையோ கண்டதாகச் சொல்லி நடுங்குவார்கள். நான் எழுந்து சென்று விளக்கைப் போட்டு, அது கொடியில் தொங்கும் மழைச்சட்டை என்று காட்டிவிட்டு வந்து படுத்துவிடுவேன். எதற்கும் ஒரு காரணம் உண்டு, தேடினால் அது அகப்படும் என்பதே என் கொள்கை.

அந்தக் கொள்கையை வைத்துத்தான், ஒஸ்லோவுக்கு வந்து வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பின்னர், யாரிடமும் பாடம் கேளாமல், காணொளிகளைப் பார்த்தும் பலவற்றைப் பழுதாக்கியும் இணையத்தள நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து வந்து இங்கே வாழ்பவர்களின் ஒன்றியத்துக்கு உள்ள இணையத்தளம் என் பொறுப்பில் உள்ளது. அதிலே பலரும் தேடி வருவது மரண அறிவித்தல் பகுதிக்குத்தான். அங்கத்தவர்கள் மட்டும் கடவுச்சொல்லோடு உள்ளே வரலாம். எனக்கு உதவியாகப் பிரபு என்றொரு தமிழ்நாட்டுப் பொறியியலாளர், புருசெத்தில் குடியிருப்பவர், இரண்டாவது நிர்வாகியாக இருந்தார். அவர் என்னை ‘சார்’ என்பார். நான் அவரைத் ‘தம்பி’ என்பேன்.

இவ்விடத்தில் பிளகின் என்பதைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். இணையத்தளத்தை ஒரு வீடு என்று கொண்டால், பிளகின் என்பது பிறகு வாங்கி அதில் பொருத்துகின்ற பூட்டு, அழைப்புமணி போன்ற சாமான். பூட்டைச் செய்தவர் ஒருவர், மணியைச் செய்தவர் வேறொருவர்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மணியை அழுத்தும்போது கதவு பூட்டிக்கொள்ளும். அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும். நான் பலமுறை பிடித்திருக்கிறேன்.

கடந்த தை மாதம் பூமணி காலமானார். அவருடைய கணவர் சிவநேசன் ரொம்மனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றவும் மறந்து, நனைந்த காலோடு கூடத்தில் நின்றார். கையில் பூமணியின் படம் இருந்தது. தோள்வரை வெட்டி, பின்னால் நீலவானம் வைத்து, வழக்கம்போல் தயாரிக்கப்பட்ட படம்.

“அண்ணை, அறிவித்தலை இண்டைக்கே போட்டுவிடுங்கோ. ஆனா ஒண்டு, மலர் இதைப் பார்க்கக் கூடாது.”

மலர், பூமணியின் ஒரே தங்கை. இன்றும் பாட்ஸ்பியோர்ட்டில் அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஊரிலிருக்கும் தாய்வீட்டை யாருக்கு எழுதுவது என்ற பிரச்சினையில் இரு குடும்பமும் பேச்சை நிறுத்திப் பல ஆண்டுகள்.

“கூடப் பிறந்தவள் எல்லோ, சிவநேசன்?” என்றேன்.

“கூடப் பிறந்தவள் உயிரோடை இருக்கேக்கை வந்து பார்த்திருக்க வேணும். இப்ப வந்து வாய்க்கரிசி போட்டு ஊருக்குப் படம் காட்டவோ? செத்தது தெரியட்டும். எப்ப, எங்கை எண்டது தெரியக் கூடாது. நேரத்தைத் தளத்திலை மட்டும் போடுங்கோ, ஒருத்தரும் வெளியிலை அனுப்ப வேண்டாம் எண்டும் எழுதுங்கோ. அவள் வந்து நிண்டாளெண்டா நான் மண்டபத்தை விட்டு வெளியிலை போயிடுவன்.”

அறிவித்தலில் குடும்பத்தின் சொல்லே முடிவு என்பது ஒன்றியத்தின் விதி. ஆகவே அறிவித்தலை எழுதி, படத்தை ஏற்றி, தகனச்சாலைப் பெரிய மண்டபத்தில் பிற்பகல் ஒரு மணி என்று குறிப்பிட்டு, அனுமதிக் கட்டுப்பாட்டுப் பிளகினில் மலரின் பெயரைத் தெரிவு செய்து தடுத்தேன்.

மறுநாள் காலை தேநீரை வாயில் வைக்கவும் விடாமல் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒருவருக்கும் பக்கம் திறக்கவில்லை. ‘இப்பக்கத்தைப் பார்வையிட உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று நான் முன்பு தமிழில் எழுதி வைத்த அறிவிப்பே எல்லோருக்கும் வருகிறதாம். ஒன்றியத் தலைவருக்கும் வருகிறது, சிவநேசனுக்கும் வருகிறது. அப்படி இருக்கையில் பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து ஓர் அழைப்பு.

“அண்ணை, மலர் கதைக்கிறன்.” குரல் அழுது ஓய்ந்திருந்தது. “அறிவித்தல் பார்த்தனான். பெரிய மண்டபம், ஒரு மணி. நான் நினைச்சன் எனக்குக் காட்டமாட்டியளெண்டு. அதுவும் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறியள். அக்காவின்ரை தோளிலை நான் கை வைச்சுக்கொண்டு நிக்கிற படம். அத்தானே தந்தவர்?”

ஏதோ இருமிவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் படத்தில் பூமணி தனியாகத்தான் நின்றார்.

நீங்கள் நினைப்பது போலவே நானும் நினைத்தேன்: துக்கத்தில் இருப்பவளுக்குக் கண் மயங்கியிருக்கும். மற்றபடி, தடுக்கப்பட்டவளுக்குத் திறந்து ஏனையோருக்குப் பூட்டிக்கொண்டது சுத்தமான பிளகின் மோதல். பிரபுவை அழைத்தேன்.

“தம்பி, நீங்கள் ஏதாவது மாற்றினீர்களோ?”

“நான் கை வைக்கவே இல்ல சார். நேத்து நைட் ஒரு பிளகின் தானாவே அப்டேட் ஆகியிருக்கு. அது உங்க ரூலை தலைகீழா புரிஞ்சுக்கிட்டிருக்கும். சிம்பிள் சார்.”

எவ்வளவு நிம்மதி! எல்லாப் பிளகின்களையும் நிறுத்தி ஒவ்வொன்றாக இயக்கினோம். பக்கங்களை விரைவாகக் காட்டுவதற்கென்று சேர்த்திருந்த ஒன்றை இயக்கியதும் கோளாறு திரும்பியது. அதை அகற்றினோம். அங்கத்தவர் அனைவருக்கும் பக்கம் திறந்தது. மலருடையதைப் போலவே தடை செய்யப்பட்ட ஒரு பரிசோதனைக் கணக்கை உருவாக்கி நுழைந்து பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. காரணம் அகப்பட்டுவிட்டது. என் துணைவியார் சமையலறையிலிருந்து, “ஓ, எஞ்சினியர் மாப்பிள்ளைக்கு இனியாவது பசிக்குமோ?” என்று என்னைக் கேலி செய்யும் அளவுக்கு என் முகம் தெளிந்திருந்தது.

சடங்குக்கு முதல்நாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில், மலர் மீண்டும் அழைத்தார்.

“அண்ணை, நேரத்தை மாத்தினதை ஏன் பெரிசாப் போடேல்லை? ஒரு மணியெண்டால் நாளைக்கு விடியப் பிளேன் எடுத்து வந்திடலாமெண்டு இருந்தனான். இப்ப காலமை பத்து மணி, சின்ன மண்டபம் எண்டு கிடக்கு. நான் இண்டைக்கே வெளிக்கிட வேணும். இஞ்சை காத்து வேற.”

என் முன்னால் அதே பக்கம் திறந்திருந்தது. பெரிய மண்டபம். பிற்பகல் ஒரு மணி.

“பிள்ளை, அப்பிடி ஒண்டும் இல்லை. உமக்கு ஆர் சொன்னது?”

“என்னண்ணை, எழுத்து வாசிக்கத் தெரியாதவள் மாதிரிக் கேக்கிறியள். இருங்கோ, படம் பிடிச்சு அனுப்புறன்.”

அனுப்பினார். அவருடைய கைப்பேசித் திரையின் படம்தான்; மேலே மணியும் மின்கல அளவும் எல்லாம் தெரிகின்றன. ஆனால் நடுவே, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், ‘இப்பக்கத்தைப் பார்வையிட உங்களுக்கு அனுமதி இல்லை’ என்பது மட்டுமே இருந்தது.

“வடிவாத் தெரியுதெல்லோ?” என்றார் மலர்.

எனக்குக் கோபமே வந்தது. என்னை வைத்து யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணினேன். சிவநேசன் வீட்டிலிருந்து ஒருவர் மலருக்குச் செய்தி கொடுக்கிறாரா? அல்லது உள்ளே நுழையும் திறவுகோல் வைத்திருக்கும் ஒரே மற்றவர், பிரபு? எங்கள் ஊரவரின் குடும்பச் சண்டை அவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டதோ? முழுத்தளத்தையும் திருத்த வேலை நடப்பதாகக் காட்டி மூடினேன், எல்லோரையும் வெளியேற்றினேன், பிரபுவின் நிர்வாக உரிமையையும் பறித்தேன். அது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

“என்ன சார், என் அக்சஸ் போயிடுச்சு?”

“நான்தான் எடுத்தேன்.”

“நாலு வருஷமா சண்டே எல்லாம் இதுல உக்காந்திருக்கேன் சார். சந்தேகம்னா நேரா கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டிருக்கையிலேயே மலரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘விமான நிலையத்துக்குப் போறன். தளம் இப்பவும் திறந்துதான் கிடக்கு. அக்கா வடிவாச் சிரிக்கிறா.’ தளம் மூடிக் கிடந்தது. என் துணைவியாரின் கைப்பேசியிலும், பக்கத்து வீட்டாரின் கணினியிலும் பார்த்தேன், மூடித்தான் கிடந்தது.

பொழுது சாய்ந்த பின்னர் சிவநேசன் அழைத்தார்.

“அண்ணை, ஒரு கரைச்சல். சடங்கு செய்யிற ஆக்கள் இப்பதான் போன் அடிச்சவை. பெரிய மண்டபத்திலை வெப்பமூட்டி வேலை செய்யேல்லையாம். சின்ன மண்டபம் தாறம், ஆனா பத்து மணிக்கு எண்டினம். எல்லாருக்கும் அறிவிச்சுவிடுங்கோ.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன். “இதை வேறை ஆருக்குச் சொன்னனீர்?”

“ஆருக்கும் இல்லை. போனை வைச்ச கையோடை உங்களுக்குத்தான் எடுக்கிறன்.”

ஒஸ்லோவில் இருந்த அங்கத்தவர் ஒவ்வொருவரையும் நானே அழைத்துச் சொன்னேன். தளத்தைத் திறக்கத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை நான் சின்ன மண்டபத்தை அடைந்தபோது, வாசலில், இன்னும் திறக்கப்படாத கதவின் முன்னால், கறுப்பு மேலங்கியும் சிறு பயணப்பையுமாக மலர் தனியாக நின்றார். தலையில் பனி விழுந்து கிடந்தது. விடியப் புறப்பட்ட விமானத்தில் வந்திருந்தால் அவர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கையில் ஒரு சிறு பொட்டலம்; அரிசி என்று கேளாமலே விளங்கியது.

சிவநேசன் காரிலிருந்து இறங்கி அவரைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். நேரே என்னிடம் வந்தார். “அண்ணை, நீங்களுமோ?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் மலர் இடையில் புகுந்தார்.

“அண்ணையை ஏசாதேங்கோ அத்தான். அறிவித்தலிலை பார்த்துத்தான் வந்தனான். என்னை வர வேண்டாமெண்டு நினைக்கிற ஆள், நானும் அக்காவும் நிக்கிற படத்தை ஏன் குடுப்பியள்? அதைக் கண்ட உடனை நினைச்சன், அத்தானுக்குக் கோபம் போட்டுது எண்டு. என்ரை கை அக்காவின்ரை தோளிலை, அந்தச் சிவப்புக் கல்லு மோதிரமும் அப்பிடியே தெரியுது.”

சிவநேசன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு கதவைத் தள்ளித் திறந்து, ஒதுங்கி நின்று, “போ. உள்ளுக்குப் போ” என்றார்.

மலர் தமக்கைக்கு வாய்க்கரிசி இட்டார். சிவநேசன் வெளியே போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகையில் என் கையைப் பிடித்துத் தனியே கொண்டு போனார்.

“அண்ணை, நான் உங்களுக்குத் தந்தது வெட்டின படம். வெட்டினது நான்தான், வீட்டிலை, கத்தரிக்கோலாலை. தோளிலை இருந்த கையை மறைக்கத்தான் அந்த நீலத்தைப் போடுவிச்சனான். மற்றத் துண்டை அடுப்பிலை போட்டிட்டன். பிள்ளையளுக்கும் தெரியாது. எந்தப் படமெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

வெட்டப்பட்ட படத்தைப் பார்த்தே எந்தப் படம் என்று தங்கை ஊகித்திருக்கலாம் என்றேன். அது நியாயமான காரணம்தான். பத்து மணியை எப்படி ஊகித்தார் என்பதற்குத்தான் என்னிடம் நியாயம் இல்லை.

பிரபுவின் வீட்டுக்கு நேரில் சென்று உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபேச்சின்றி ஏற்று, பதிவுகளை எல்லாம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, “சார், இந்த மலர் மேடம் கணக்கு ஆரம்பிச்சதோட சரி. ஒரு தடவைகூட லாகின் பண்ணதில்ல” என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றே அந்தப் பக்கத்தின் மீதிருந்த தடைகள் யாவற்றையும் நீக்கினோம். இப்போது அதனை உலகத்தில் எவரும் திறந்து பார்க்கலாம்.

என்னைத் தவிர. முதன்மை நிர்வாகி நான். தளத்தில் எனக்கு இல்லாத அதிகாரம் இல்லை. ஆயினும் பூமணியின் அறிவித்தலை எந்தக் கணினியில் திறந்தாலும் எனக்கு வருவது ‘அனுமதி இல்லை’ என்ற, நானே எழுதிய அந்த வசனம்தான். பிரபு எல்லாப் பிளகின்களையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துவிட்டார். காரணம் அகப்படவில்லை.

சென்ற வாரம் என் துணைவியார் சாப்பாட்டு மேசையில் தம் கைப்பேசியில் அதனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் இந்த விவரம் ஒன்றும் அறியாதவர். நான் அவரிடம் படத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை.

“இஞ்சேருங்கோ, நல்ல படம் போட்டிருக்கிறியள்” என்றார். “ரெண்டு பேரும் என்ன வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கினம்.”

கைப்பேசியை என் பக்கம் திருப்பி நீட்டினார். நான் சோற்றைப் பிசைந்தவாறே தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.