மூன்றாவது கூண்டு

அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஐஸ் பேக்டரி மோட்டார், கிணற்று மோட்டார், மண்டபத்து கிரைண்டர் மோட்டார் என்று எரிந்துபோனதெல்லாம் அவரிடம் வரும். கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். சட்டைப் பையிலிருந்தும் வேட்டி மடிப்பிலிருந்தும் துண்டுக் கம்பிகள் வீடெல்லாம் உதிரும். அம்மா பெருக்கும்போதெல்லாம் வாய் ஓயாமல் திட்டுவாள். அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

சுனாமி வந்த மறு வருடம் நான் அண்ணாமலை நகரில் உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்தேன். எங்கள் வகையறாவில் அதுவரை யாரும் டிகிரியைக்கூட ஒழுங்காக முடித்ததில்லை. கைடாக இருந்த பேராசிரியர் எனக்குக் கொடுத்தது செம்பு சம்பந்தப்பட்ட தலைப்பு. அதைச் சொன்னதும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அட, நம்ம சரக்கா?" என்றார். அன்று முழுக்க கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

நம் ரத்தத்தில் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் புரதத் துண்டு இருக்கிறது. இப்படிப்பட்ட துண்டுகளுக்குப் பெப்டைட் என்று பெயர். இந்தத் துண்டு செம்பைக் கண்டால் விடாது, இறுகப் பிடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற இது உடம்பில் குறைந்துகொண்டே போகும். செம்பைப் பிடித்த பெப்டைட் தோலில் கொலாஜன் உண்டாக்கும் செல்களைத் தட்டி எழுப்புகிறது, காயம் பட்ட இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவுகிறது என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருந்தார்கள். வெளிநாட்டில் முகச் சுருக்கத்துக்குக் கிரீம்கூட விற்க ஆரம்பித்துவிட்டார்கள். சுருக்கத்தைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. சர்க்கரைக்காரர்களின் ஆறாத புண்ணுக்கு இது உதவுமா என்பதுதான் எங்கள் கேள்வி. அதை எலிகளிடம் கேட்டோம்.

நான்கு வரிசைக் கூண்டுகள். எல்லா எலிகளுக்கும் ஊசி போட்டுச் சர்க்கரையை வரவழைத்து, முதுகில் ஒரே அளவில் ஒரு புண். முதல் வரிசைக்கு வெறும் உப்புத் தண்ணீர். இரண்டாவதற்குச் செம்பு இல்லாத பெப்டைட். மூன்றாவதற்குப் பெப்டைட் இல்லாத வெறும் செம்பு உப்புக் கரைசல். நான்காவதற்கு இரண்டும் சேர்ந்த நீல மருந்து. நான்காவதில் புண்கள் மற்றவற்றைவிட முந்தி மூடின. மூன்றாவதிலோ புண்ணின் ஓரம் சிவந்து வீங்கி, தோல் சேரவே மாட்டேன் என்றது. பிடிமானமில்லாத செம்பு திசுவை அரிக்கும். முதல் வருடமே இது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த மூணாவது கூண்டு இல்லன்னா உன் தீசிஸே இல்லம்மா" என்பார் கைடு. ஆற்றியது செம்பா, பெப்டைடா, இரண்டின் கூட்டா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆனால் வீட்டில் நான் சொன்னது வேறு. பொங்கலுக்கு மறுநாள் அம்மாவின் தம்பி வந்திருந்தார். கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே, "எலிய அறுக்கறதுக்கா இத்தினி வருஷம் படிப்பு? கல்யாணம் எப்ப?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறவிக் குணம்.

"செம்பு புண்ண ஆத்துது மாமா. செம்பு குடுத்த எலிக்குச் சர்க்கரை இருந்தாக்கூட மளமளன்னு மூடுது. அந்த மருந்தோட நீலத்தப் பாத்தாலே கண்ணுல ஒத்திக்கலாம்" என்றேன்.

மாமா குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அப்பா எனக்கு இன்னொரு கரண்டி கறி வைக்கச் சொன்னார். நான் சொன்னது நான்காவது கூண்டை மட்டும். அதிலும் பெப்டைடை விட்டுவிட்டேன். மூன்றாவது கூண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யார் அதையெல்லாம் விளக்குவார்கள்? "நான் செம்ப வச்சி மோட்டாருக்கு உயிர் குடுக்கறேன், எம் பொண்ணு செம்ப வச்சி மனுஷனுக்குக் குடுக்கப் போவுது" என்று அப்பா அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. திருத்தவில்லை.

அடுத்த சித்திரையில் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட உட்கார்ந்த அம்மா, வலது பாதத்தின் அடியில் ஏதோ மின்னுவதைப் பார்த்தாள். ஒரு துண்டுச் செம்புக் கம்பி. எத்தனை நாளாகக் குத்திக்கொண்டு இருந்ததோ. பல வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. பிடுங்கினால் உள்ளே சீழ். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றவே கூடாது என்றார்கள். அப்பா இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் கடையைத் திறந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரம் கிளம்பும்போது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, "பாப்பா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?" என்றார்.

"என்னாப்பா?"

"அந்த நீல மருந்து கொஞ்சூண்டு கொண்டாரியா? எலிக்குப் போட்டது போக மிச்சம் இருந்தா போதும்."

"அதெல்லாம் மனுஷங்களுக்குப் போடக் கூடாதுப்பா. இன்னும் எலியே தாண்டல. எனக்கு சீட்டு கிழிஞ்சிடும். ஆஸ்பத்திரிக்குப் போயி ஒழுங்கா கட்டு மாத்து."

"சரிம்மா, சரிம்மா. சும்மாதான் கேட்டேன்."

அவர் என்னிடம் தனக்கென்று எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மறுத்தது சரிதான். இன்று கேட்டாலும் மறுப்பேன். ஆனால் ஏன் கூடாது என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வெறும் செம்பு கெடுதல், அதைத் தொடாதே என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? பஸ் நகர்ந்துவிட்டது, நானும் வேறு பக்கம் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் ஊருக்குப் போகவில்லை. நான்கு வரிசைக்கும் கடைசிச் சுற்றுச் சோதனை நடந்துகொண்டிருந்தது. புண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை எலியின் முதுகில் வைத்து, புண்ணின் ஓரத்தை மை பேனாவால் வரைந்து எடுப்பேன். அதைக் கட்டத் தாளில் வைத்து அளப்பேன். ஒரு எலியைக்கூட ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. கைடு என்னை மற்ற மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் எலிப் புண்ணை அளந்தவள், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அப்பாவின் காலைப் பார்க்கவில்லை.

போனில் கேட்பேன். "ஆறிக்கினு வருதும்மா, நீ வேலயப் பாரு" என்பார். அம்மாவும், "உங்கப்பா தெனம் மருந்து போட்டுக்கறாரு, நீ கவலப்படாத" என்றாள். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துப் போனபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், லேசான காய்ச்சல். கட்டுத் துணியில் பச்சைக் கறை. கையுறைகூட இல்லாமல் நானே பிரித்தேன். பாதத்தின் நடுவே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பக்கத்து ஸ்டூலில் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது. எலுமிச்சைச் சாறும் உப்பும் ஊற்றி அதில் செம்புக் கம்பித் துண்டுகளை ஊறப் போட்டிருந்தார். தண்ணீர் நீலப்பச்சையாக, பார்க்க அழகாகவே இருந்தது.

"எரிச்சலே இல்ல பாப்பா. கம்பிய வார்னிஷ் இல்லாம நல்லா சுரண்டிட்டுத்தான் போட்டேன்" என்றார், சுத்தமாகத்தான் செய்தேன் என்கிற மாதிரி. எரிச்சல் எப்படித் தெரியும்? அந்தக் காலில்தான் எதுவுமே தெரியாதே. என் மூன்றாவது கூண்டு என் வீட்டு நடுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஓவென்று கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "இந்தத் தண்ணி மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இத நம்பி இங்க வராம இருந்தீங்களே, அதுதான் கால வாங்கிடுச்சி" என்றார். பிறகு, "யாரு இந்த வைத்தியம் சொன்னது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் செஞ்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டாக்டர் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் போன மூன்றாவது மாதம் அப்பா ஊன்றுகோலோடு கடைக்குப் போய்விட்டார். கை இரண்டும் இருக்கிறது, காயில் கட்ட அது போதாதா என்றார். நான் வீட்டுக்கு வாரா வாரம் வந்தேன். எல்லாம் பேசினோம். காலைப் பற்றிப் பேசவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். தீசிஸில் மூன்றாவது கூண்டைப் பற்றிய பக்கங்களை எழுதத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். "வெறும் செம்பு உப்பு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தியது" என்ற பொருள்படும் ஒரே ஒரு வரியில் நாற்காலியும் பாட்டிலும் பச்சைத் துணியும் எல்லாம் அடங்கிவிட்டன. அப்பாவிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம் என்னை ஆட்டிப் படைத்தது.

இரண்டாயிரத்துப் பத்தில் வாய்மொழித் தேர்வு. அது பொது அரங்கில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். அப்பாவும் அம்மாவும்கூட வந்திருந்தார்கள். கடைசியில், "பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்" என்பார்கள். அதற்காகவே சக மாணவர்களிடம் இரண்டு சுலபமான கேள்விகளை எழுதிக் கொடுத்து வைப்பது எங்கள் துறை வழக்கம். நானும் கொடுத்திருந்தேன். இரண்டையும் கேட்டார்கள், நானும் அப்போதுதான் யோசிப்பதுபோல் பாவனை செய்து பதில் சொன்னேன். முடிந்தது என்று கைடு எழுந்திருக்கும்போது பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்பா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வணக்கங்க. நான் மோட்டார் காயில் கட்டுறவன். படிப்பு கம்மி. ஒரு சந்தேகங்க." தேர்வாளரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "செம்ப மட்டும் தனியா போட்டா புண்ணு ஆறுங்களா?"

என்னிடம் அவர் வாழ்நாளில் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, தமிழுக்கு வந்தேன்.

"ஆறாதுங்க."

"ஆறாதுன்னா, சும்மா இருக்குமா, கெடுக்குமா?"

"கெடுக்குங்க. மொத வருஷமே எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. நான்தான்... நான்தான் வெளிய சொல்லல."

அப்பா தலையை ஆட்டினார். "வார்னிஷ் இல்லாத கம்பி மாதிரிங்க. சுத்தி வச்சா மோட்டாரே எரிஞ்சிடும். புரிஞ்சிதுங்க, நன்றி" என்று உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பிரமாதமான உதாரணம் என்று மேசையைத் தட்டினார். கைதட்டலோடு எனக்குப் பட்டம் பரிந்துரைக்கப்பட்டது.

வந்தவர்களுக்கு ஸ்வீட்டும் மிக்சரும் கொடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அப்பாவும் அம்மாவும். நான் இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை.

"இத்தினி பேரு முன்னால அத எதுக்குக் கேட்ட? பொண்ணு வெடவெடன்னு நடுங்கிப்போச்சி" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

அப்பா டீயை ஊதினார். "கால் போனதுலேர்ந்து அது இந்தப் பக்கம் பாக்கறதே இல்ல. வூட்ல கேட்டா அழும், சொல்லாது. எத்தினி வருஷத்துக்கு உள்ளயே வச்சிக்கினு கெடக்கும்? இங்கன்னா கேட்டதுக்கு பதில் சொல்லித்தான ஆவணும்."

மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, நிறுத்த முயலவில்லை. வேட்டி ஓரத்தை விலக்கி, முட்டிக்குக் கீழே இருந்த தையல் தழும்பை முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாக ஆறியிருந்தது.